அஜோவா பிராகோ சொன்னவை

அஜோவா பிராகோவின் இறுதிச் சடங்குக்கு அச்சிட்ட நினைவுப் புத்தகத்தில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். முப்பத்தொரு வரி. பிறந்தது 1947 மே 12, திங்கட்கிழமை. ஆலையில் சேர்ந்தது 1969 பிப்ரவரி 3. ஓய்வு பெற்றது 2002 ஜூன் 28. இறந்தது 2011 மார்ச் 3. எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். "தன் பிரிவை அன்போடு நடத்தினார்" என்று குடும்பத்தார் ஒரு வரி சேர்த்தார்கள். அதிலும் தவறில்லை.

அந்தப் பக்கத்தில் இல்லாதது ஒன்று உண்டு. அந்த அம்மாள் ஒரு பதவிக்கு ஆசைப்பட்டார். அது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது, கிடைக்கவில்லை. அதில் என் கை இருந்தது. புத்தகத்தில் எழுத இடமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஜாம்ஃபி. குமாசியில் காசே தொழிற்பேட்டையில் இருந்த அதே பிளைவுட் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் வருகைப் பதிவேடும் கூட்டக் குறிப்பும் எழுதினேன். தொழிலாளிகள் எனக்கு வைத்த பெயர் பென்சில். "பென்சில் வர்றாரு, வாயை மூடு" என்பார்கள், எனக்குக் கேட்கும்படியாகவே.

பிராகோ ஒட்டுப் பிரிவின் மேற்பார்வையாளர். மரத்தைச் சுழற்றி உரித்தெடுக்கும் மெல்லிய வெனீரில் முடிச்சு விழுந்த ஓட்டைகளையும் பிளவுகளையும் பசைநாடா வைத்து மூடுவது அந்தப் பிரிவின் வேலை. நாற்பத்திரண்டு பெண்கள், மூன்று ஆண்கள். 1984-இல் அவர் பொறுப்பேற்றபோது அந்தப் பிரிவில் நூற்றுக்கு ஒன்பது பேர் தினமும் வரமாட்டார்கள். 1997-இல் அது மூன்று. வேறெந்தப் பிரிவிலும் ஆறுக்குக் கீழே இறங்கியதில்லை.

அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. அவர் பேசியே பலர் கேட்டதில்லை.

அவருடைய பெரியம்மா ஒரு சிறிய ஊரின் ராணித்தாய், ஊர்த் தலைவருக்குச் சமமான பெண் தலைவி. பதினான்கு வயது வரை பிராகோ அந்த வீட்டில்தான் வளர்ந்தார். எங்கள் ஊர் அரண்மனைகளில் பெரியவர்கள் சொல்லை நேராகச் சபையில் எறிவதில்லை. பக்கத்தில் ஒச்சியாமே நிற்பார். தாழ்ந்த குரலில் அவரிடம் சொன்னதை அவர் வாங்கி, தட்டி, மெருகேற்றிச் சபைக்குத் தருவார். சபையின் பதிலும் அவர் வழியாகவே திரும்பும். பிராகோவுக்கு வேறு விதமாக ஆள்களை நடத்தத் தெரியாது. நடத்த வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ஆகவே 1989-இல் நாடா இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்த க்வாக்கு அசியாமாவை அவர் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அசியாமா மெதடிஸ்ட் கோயிலில் பாடுகிறவர். "உன் குரல்ல எண்ணெய் இருக்கு, எங்க போனாலும் வழுக்கிட்டு உள்ள போயிடும்" என்று பிராகோ அவரிடம் சொன்னார். உதவியாளர் என்பது காகிதத்தில் போட்ட பெயர். அசியாமாதான் பிராகோவின் வாய்.

ஒரு நாள் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 1991 ஜூன். கம்ஃபர்ட் என்ற பெண் தொடர்ந்து நாலு நாள் தாமதம். நான் ஏட்டோடு போய் நின்றிருந்தேன். பிராகோ முன்னால், அவருக்கு அரையடி பின்னால் இடது பக்கம் அசியாமா, எதிரே கம்ஃபர்ட். மூவருக்கும் நடுவில் ஒரு மேசை அகலம்கூட இல்லை.

பிராகோ தலைத்துணியின் நுனியை உதட்டருகே பிடித்துக்கொண்டு அசியாமாவிடம் மெல்லச் சொன்னார். "நாலு நாளா மகாராணி மாதிரி ஆடி அசைஞ்சு வர்றா. கேளு அவளை, இது ஆலையா இல்ல அவ மாமியார் வீடான்னு."

அசியாமா தொண்டையைச் செருமினார். "கம்ஃபர்ட், அம்மா உன்னை விசாரிக்கிறாங்க. நாலு நாளா உன் முகம் வாடிக் கிடக்காம். வீட்டுல கடிகாரம் எதுவும் நின்னுபோச்சா, இல்ல மனசுக்கு ஏதாவது கஷ்டமான்னு கேக்குறாங்க."

சுற்றியிருந்த பெண்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலில் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது, கம்ஃபர்ட்டின் காதிலும்தான். ஆனால் அவள் பதில் சொல்ல வேண்டியது இரண்டாவதுக்கு மட்டும்.

"அம்மாகிட்ட சொல்லுங்கண்ணே, கடிகாரம் நல்லாத்தான் ஓடுது. பாலம் உடைஞ்சு வேன் சுத்திட்டு வருது. நாளையிலிருந்து முந்தின வேனைப் பிடிச்சுடுறேன்."

"கேட்டுக்கிட்டாங்க" என்றார் அசியாமா.

அவ்வளவுதான். அதன் பிறகு பதினான்கு மாதம் கம்ஃபர்ட்டின் பெயருக்கு எதிரே சிவப்பு மை விழவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொது மேலாளர் கொடுவாவின் அறையில் பிரிவுத் தலைவர்கள் கூட்டம் நடக்கும். அங்கேயும் இதே ஏற்பாடுதான். பிராகோ உட்கார்ந்திருப்பார், அசியாமா நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். வறண்ட காற்று வீசும் மாதங்களில் வெனீர் காய்ந்து வெடித்து, நூறு தாளில் பதினொன்று வீணாகும். ஈரச் சாக்கால் மூடிவைத்தால் வெடிக்காது என்று ஒரு திங்கட்கிழமை பிராகோ முணுமுணுத்தார். அசியாமா அதை எடுத்து அழகாகச் சொன்னார். செய்து பார்த்தார்கள். பதினொன்று நாலாகக் குறைந்தது. கொடுவா அடுத்த வாரம் அசியாமாவைப் பார்த்து நன்றி சொன்னார். அசியாமா குனிந்து அதைப் பிராகோவுக்குக் கொடுத்தார். அந்த அறையில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

என் குறிப்பில் நான் எழுதியது: "ஈரச் சாக்கு போடலாம் என்று அசியாமா கூறினார்."

இப்படி எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. 1987-இல் ஒரு கூட்டக் குறிப்பில், யார் எதைச் சொன்னது என்று பார்க்காமல், கடுமையான ஒரு பேச்சைப் பிரஸ் பிரிவு ஓச்செரேயின் பெயரில் எழுதிவிட்டேன். அது அவர் கருத்து என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பேசியது அவரில்லை. அந்த ஒரு வரியைக் காட்டி ஓச்செரேயை வேலையிலிருந்து நீக்கினார்கள். அன்று முதல் ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்த வாய் திறந்ததோ அந்த வாயின் பெயர்தான் எழுத வேண்டும். யாருடைய எண்ணம், யார் சொல்லிக்கொடுத்தது என்பதெல்லாம் என் வேலை இல்லை. பதினோரு வருடம் அந்த விதியை நான் ஒரு தடவைகூட மீறவில்லை.

1998 ஜனவரியில் அக்ராவைச் சேர்ந்த புதிய முதலாளிகள் ஆலையை வாங்கினார்கள். உற்பத்தி மேலாளர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, அதற்கு உள்ளேயிருந்தே ஓர் ஆளை எடுப்பதாக மார்ச் 2-ஆம் தேதி அறிவிப்பு ஒட்டினார்கள். அதற்கு முன் பிரிவுத் தலைவர்கள் எல்லோருக்கும் ஐந்து நாள் பயிற்சி. சொந்தத் திறனை வளர்ப்பது, தலைமை தாங்குவது. ஏப்ரல் 20 முதல் 24 வரை, ஊருக்குள் ஒரு ஓட்டலில். கலந்துகொண்டவர்கள் பதினான்கு பேர். வருகை எடுக்கவும் தாள்களை அடுக்கவும் நான்.

பயிற்சி தந்தவர் அக்ராக்காரர், லார்ட்டி என்று பெயர். அவரை ஏளனமாக எழுத எனக்கு விருப்பமில்லை, விஷயம் தெரிந்தவர். முதல் நாள் வாரத்தைக் கட்டம் போட்டு, ஒவ்வொரு மணி நேரமும் எங்கே போகிறது என்று எழுதச் சொன்னார். பிராகோவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் கேட் சீட்டில் கையெழுத்துப் போடுவதிலேயே கழிகிறது என்று கண்டுபிடித்தார். மறுவாரமே அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்தார்.

ஆனால் முதல் நாளே லார்ட்டியின் கண் அசியாமாவின் மேல் விழுந்தது.

"சிஸ்டர் பிராகோ, உங்க பின்னாடி நிக்கிறவர் யாரு? பாதுகாப்புக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அசியாமா குனிந்தார். பிராகோ ஏதோ சொன்னார். "அம்மா சொல்றாங்க, நான் அவங்க நிழலாம். வெயில் போனதும் போயிடுவேனாம்" என்றார் அசியாமா.

"இங்க ஆளுக்கு ஒரு நாற்காலி. யாரும் யாருக்கும் பின்னாடி நிக்க வேண்டாம். அவங்கவங்க பேச்சை அவங்கவங்க பேசுங்க. 'நான்'னு ஆரம்பிச்சுப் பேசுங்க." பிறகு நாற்காலியை இழுத்து பிராகோவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். "ஒரு நாள் அவர் வரலைன்னா உங்க ஆளுங்க என்ன செய்வாங்க?"

நியாயமான கேள்வி அது. அதை நான் அன்றே என் நோட்டில் எழுதினேன்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, ஒவ்வொருவரும் எழுந்து நின்று தான் சாதித்ததை மூன்று நிமிடம் பேச வேண்டும். கிடங்குத் தலைவர் நாலரை நிமிடம் பேசினார். லார்ட்டி கைகாட்டி உட்கார வைத்தார். பிராகோவின் முறை வந்தது. எழுந்தார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி பேசாமல் நின்றார். நேரம் பார்ப்பது என் பொறுப்பு என்பதால் தெரியும். இடது கை தலைத்துணியின் நுனியைத் தேடியது. அசியாமா அறையின் மறு மூலையில் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"என் பேரு பிராகோ. ஒட்டுப் பிரிவு நல்லா இருக்கு" என்றார் பிராகோ. உட்கார்ந்துவிட்டார்.

பத்துக்கு மூன்று மதிப்பெண். அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்தவன் நான்.

அன்று மாலை ஒரே வேனில் திரும்பினோம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பிராகோ நேராகப் பேசும் ஆள்கள் சிலர் உண்டு. வீட்டார், கோயில் தோழிகள் இருவர், அப்புறம் நான். தினமும் பதினொன்று நாற்பதுக்கு என் அறை வாசலில் உட்கார்ந்துதான் அவித்த வாழைக்காயும் கீரையும் சாப்பிடுவார். அப்போது அசியாமா கூட இருக்கமாட்டார்.

"என் வாயால நானே என்னைப் புகழுறது, வாய் நிறைய சோத்தை வெச்சுட்டுப் பேசுற மாதிரி இருக்கு ஜாம்ஃபி" என்றார்.

"மூணு நிமிஷம்தானே சிஸ்டர். மென்னு முழுங்கியிருக்கலாம்."

"சிரிக்காத." வேன் குலுங்கி நின்றது, இருவர் இறங்கினார்கள். "அந்த வேலை எனக்கு வேணும். உன்கிட்டதான் சொல்றேன். வீட்டுல கூடச் சொல்லல."

"எதுக்கு வேணும்?"

"ஆறு மணி சங்கு. என் ஆளுங்கள்ல இருபத்தொம்பது பேரு பத்து மைலுக்கு அந்தப் பக்கம். நாலு மணிக்குக் கிளம்புறாங்க, இருட்டுல. மூணு தடவை கேட்டாச்சு. ஷிப்டை மாத்துறது உங்க அதிகாரத்துல இல்லைன்னுட்டாங்க. அந்த நாற்காலியில உக்காந்தா என் அதிகாரத்துல வரும். ஏழு மணியாக்கிடுவேன். அதைச் செஞ்சுட்டா நாளைக்கே வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போவேன்."

நான் சரி என்றேன். அதைத் தவிர என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அன்றைய நோட்டில் வேன் கிளம்பிய நேரம் மட்டும் இருக்கிறது.

ஜூலை முதல் வாரம் தேர்வுக் குழுவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. 1995 ஜனவரி முதல் நடந்த திங்கட்கிழமைக் கூட்டங்களில் யார் எத்தனை யோசனை சொன்னார்கள், அவற்றில் எத்தனை நிறைவேறின என்று ஓர் அட்டவணை வேண்டும் என்றார்கள். தானாக முன்வந்து பேசுகிறவனே தலைவன் ஆவான் என்பது லார்ட்டியின் பாடங்களில் ஒன்று. அதைக் குழு அப்படியே பிடித்துக்கொண்டது.

நூற்று அறுபத்து மூன்று கூட்டங்கள். ஒன்பது நாள் உட்கார்ந்து எண்ணினேன். கிடங்குத் தலைவர், பத்தொன்பது யோசனை, நிறைவேறியது ஐந்து. அசியாமா, அறுபத்தொன்று; நிறைவேறியது நாற்பத்து நாலு. பிராகோ, இரண்டு.

ஜூலை 24, வெள்ளிக்கிழமை. பிராகோ வழக்கம்போல் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு வந்தார். என் மேசையில் அட்டவணை விரித்திருந்தது. அதை மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

"என்னது இது?"

"குழு கேட்டது. கூட்டத்துல யார் யார் பேசினாங்கன்னு."

விரலை வரிசையின் மேல் ஓட்டித் தன் பெயரில் நிறுத்தினார். "ரெண்டா?"

"ஒண்ணு, 95 ஆகஸ்ட் 14, ஜன்னலைச் சாத்தச் சொன்னீங்க. இன்னொண்ணு, 97 டிசம்பர்ல, கிறிஸ்மஸ் கூட்டத்துல விளக்கு மங்குது, மாத்தலாம்னு சொன்னீங்க. விளக்கை மாத்தினாங்க. அதனால நிறைவேறினது ஒண்ணு."

பிராகோ சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், கிண்ணத்தைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. பிறகு அசியாமாவின் வரிசையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இந்த அறுபத்தொண்ணு யாரோடதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"ஈரச் சாக்கு?"

"தெரியும் சிஸ்டர்."

"அப்புறம் என்ன? அடியில ஒரு வரி எழுதிடு. 'அசியாமா சொன்னது பிராகோவின் சொல்'னு. ஒரே வரி. குழுவுல இருக்கிறவங்க அக்ராக்காரங்க, அந்த அறையில உக்காந்தவங்க இல்ல. அவங்களுக்கு யார் சொல்லுவா?"

"என் நோட்டுல வாய் யாரோடதோ அவங்க பேருதான். பதினோரு வருஷமா அப்படித்தான். இப்ப ஒரு வரி இப்படி எழுதினா, மத்த வரியெல்லாம் சந்தேகத்துக்கு வந்துடும். ஓச்செரே விஷயம் உங்களுக்கே தெரியும்."

"ஓச்செரே சொல்லாததை எழுதினே. நான் சொன்னதை எழுதத்தானே கேக்குறேன்."

அவர் சொன்னது சரி. இருந்தும் நான் சொன்னேன்: "குறிப்பைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல சிஸ்டர்."

அவர் "சரி" என்றார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். பாதி வாழைக்காய் அப்படியே இருந்தது.

திருத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அட்டவணையின் அடியில் நான்கு விரல் அகலம் வெற்றிடம் இருந்தது. அதில் எழுதுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஒச்சியாமே பேசினால் அது யாருடைய சொல் என்று எங்கள் ஊரில் நாலு வயதுக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் நோட்டுக்கு மட்டும்தான் தெரியாது. நோட்டை நம்பி முடிவெடுப்பவர்களிடம் அதை நான் அப்படியே கொடுத்தேன். திங்கட்கிழமை காலை எட்டே காலுக்குக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

அசியாமா அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அட்டவணையைப் பார்த்துவிட்டுக் குழுவே அவரைக் கூப்பிட்டது. ஆகஸ்ட் 6-ஆம் தேதி நேர்முகம். குறிப்பெடுத்தது நான். பிராகோ முதலில் போனார், பதினொரு நிமிடம். கேள்விகளுக்கு ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொன்னார். உங்கள் சாதனைகளில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, "பிரிவுல எல்லாரும் நல்லா வேலை செய்றாங்க" என்றார். அந்த யோசனைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் பக்கமும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அடுத்து அசியாமா. உள்ளே வந்து உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்.

"ஐயா, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். அந்த அறுபத்தொண்ணுல ஒண்ணுகூட என்னோடது இல்ல. எல்லாம் சிஸ்டர் பிராகோ சொன்னது. நான் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்."

குழுவில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் புன்னகையோடு மேசைத் தாளில் ஏதோ எழுதினார். புகழைத் தான் எடுத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கொடுப்பது நல்ல தலைவனின் அடையாளம் என்பதும் லார்ட்டியின் பாடம்தான். பயிற்சித் தாளில் நாலாம் பக்கம். பணிவுக்குப் பத்துக்குப் பத்து.

வெளியே வந்த அசியாமா என் அறைச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"பென்சில், நான் உண்மையைத்தான் சொன்னேன். அதுக்கும் மார்க் போட்டுட்டாங்க."

அவருக்கு வேலை கிடைத்தது.

ஒரு மாதம் வரை திங்கட்கிழமை காலைகளில் அசியாமா புது மேலாளர் அறையிலிருந்து இறங்கி, ஒட்டுப் பிரிவுக்கு வந்து, பிராகோவின் இடது பக்கம் நின்றுகொண்டு, "என்ன சொல்லட்டும்மா?" என்று கேட்பார். நாலாவது திங்கட்கிழமை பிராகோ அவரைத் தடுத்துவிட்டார். பெரியவர் வாயைச் சின்னவர் இரவல் வாங்குவது எங்கள் வழக்கத்தில் இல்லை. அசியாமா இப்போது மேலே, பிராகோ கீழே. "இப்ப நீ சொல்லு, நான் கேட்டுக்கிறேன்" என்றார். அசியாமாவிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் இன்னொருவர் சொல்லுக்கு மெருகு போடுகிற கெட்டிக்காரர். சொந்தமாக முதல் சொல்லை எடுக்க வேண்டியபோது, பாட்டின் நடுவே இடம் தவறியவர்போல் நின்றார். ஏழு மணிச் சங்கைப் பற்றி அவர் இரண்டு தடவை பேச்செடுத்தார். "ஏன்?" என்று முதலாளிகள் கேட்டார்கள். பிராகோ பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஏனுக்குப் பதில் இருந்திருக்கும்.

பிராகோ வேறு யாரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளவில்லை. கூட்டத்தில் அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. டிசம்பரிலிருந்து கூட்டத்துக்குத் தான் போகாமல், பிரிவில் தனக்கு அடுத்திருந்தவரை அனுப்பினார். பெண்களிடம் நேராகப் பேசிப் பார்த்தார், லார்ட்டி சொன்னபடிதான். "நாலு நாளா மகாராணி மாதிரி வர்றே" என்பது இப்போது யாரும் வாங்கித் தட்டாமல் நேராகப் போய் விழுந்தது. அதை வாங்கியவர்கள் திருப்பிப் பேசினார்கள், அல்லது மறுநாள் வரவில்லை. 1999-இல் வராதவர்கள் நூற்றுக்கு எட்டரை. வீணான வெனீர் நூற்றுக்கு ஒன்பது. லார்ட்டி அன்று கேட்ட கேள்விக்கு நான் எழுதிய ஏடுகளே பதிலாயின.

2000-இல் அசியாமா வேலையை விட்டுவிட்டு அன்லோகா மரச்சந்தையில் கடை வைத்தார். பிராகோ 2002-இல் கண் நோயால் முன்கூட்டியே ஓய்வு பெற்று மாம்போங்கில் தங்கை மகள் வீட்டுக்குப் போனார். சேவை முப்பத்து மூன்று வருடம், நாலு மாதம், இருபத்தாறு நாள். கடைசி நாள் வரை பதினொன்று நாற்பதுக்கு என் வாசலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். மழை, தக்காளி விலை, கோயில் பாதிரியாரின் செருப்பு என்று எல்லாம் பேசினார். தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் அதன் பிறகு ஒரு நாளும் சொல்லவில்லை. ஆறு மணிச் சங்கு 2006-இல் ஆலை மூடும் வரை ஆறு மணிக்குத்தான் ஊதியது.

2003-இல் நான் ஓய்வு பெற்றபோது கொடுவாவிடம் அனுமதி வாங்கி, அந்த நூற்று அறுபத்து மூன்று கூட்டக் குறிப்புகளையும் மறுபடி எடுத்துப் படித்தேன். புதிய அட்டவணை ஒன்று தயாரித்தேன். "வாய்" என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் "சொல்" என்று இன்னொரு கட்டம். அசியாமா கடையை மூடிவிட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னோடு உட்கார்ந்தார். அறுபத்தொன்றும் பிராகோவின் பெயருக்குப் போயின. கொடுவா அடியில் கையெழுத்துப் போட்டார்.

2004 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அதை எடுத்துக்கொண்டு மாம்போங் போனேன். பிராகோ முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கை மகள் டுஃபியே, முப்பது வயதிருக்கும், தையற்காரி, எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்துக் குவளையைத் திருப்பிக் கொடுத்தேன். பிராகோவின் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" என்றேன்.

பிராகோ தலைத்துணியின் நுனியை உதட்டருகே கொண்டுபோனார். டுஃபியே அவர் நாற்காலிக்குப் பின்னால் இடது பக்கம் போய் நின்றார்.

"பெரியம்மா சொல்றாங்க, இங்க எல்லாம் சமாதானம்தான். நடந்து வந்தவர் நீங்க. வந்த காரியத்தைச் சொல்லணுமாம்."

நல்ல முறை அது. யார் எதில் வந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் முப்பது வருடத்தில் அவர் என்னிடம் இன்னொருவர் வாயால் பேசியது அதுவே முதல் தடவை.

நான் டுஃபியேயிடம் சொன்னேன். அட்டவணை, இரண்டு கட்டம், அறுபத்தொன்று, கொடுவாவின் கையெழுத்து. தாள்கட்டை நீட்டினேன். டுஃபியே வாங்கிப் பிராகோவின் மடியில் வைத்தார். பிராகோ அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். படிக்கும் அளவுக்குக் கண் இல்லை. பிறகு முணுமுணுத்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேசை அகலம்கூட இல்லை.

"ஆறு வருஷம் கழிச்சு வந்திருக்கான். அன்னிக்கு ஒரு வரி கேட்டேன், இன்னிக்கு ஒரு கட்டு கொண்டு வந்திருக்கான். எடுத்துட்டுப் போகச் சொல்லு."

டுஃபியே தொண்டையைச் செருமினார்.

"பெரியம்மா ரொம்பச் சந்தோஷப்படுறாங்க. இவ்வளவு தூரம் சிரமப்பட்டு எழுதிக் கொண்டு வந்ததுக்கு நன்றி சொல்றாங்க. அவங்க கண்ணு இப்ப சரியா தெரியறதில்ல, காகிதம் வீணாப் போயிடும். உங்க வீட்டுலயே பத்திரமா இருக்கட்டும்னு சொல்றாங்க."

வழக்கப்படி நான் பதில் சொல்ல வேண்டியது இரண்டாவதுக்கு மட்டும்.

"கேட்டுக்கிட்டேன்னு சொல்லுங்க" என்றேன்.

பதினொன்று நாற்பதுக்கு டுஃபியே எங்கள் இருவருக்கும் அவித்த வாழைக்காயும் கீரையும் கொண்டுவந்தார். சாப்பிட்டோம். ஒன்றேகால் வேனில் திரும்பினேன். அந்த அட்டவணை என் அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது.

அன்றைய நோட்டில் இரண்டு வரி எழுதினேன். முதல் வரி: காகிதத்தை வீட்டில் பத்திரமாக வைக்கலாம் என்று டுஃபியே கூறினார். இரண்டாவது வரி எழுதுவதற்கு முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்: நான் ஆறு வருடம் கழித்து வந்திருப்பதாக அஜோவா பிராகோ கூறினார்.